உயரமானவர்கள் எஸ்யூவியில் உட்காரும் முறை: காலில் இருந்து தொடங்குங்கள்

எங்கள் பக்கம் நெட்டையான ஆளைப் பார்த்தால் "பனை மாதிரி வளர்ந்திருக்கான்" என்பார்கள். என் தங்கச்சி மகன் அப்படித்தான், ஆறடி இரண்டு அங்குலம். ஆலங்குளத்தில் இருக்கிறான். போன ஆடியில் அவர்கள் வீட்டில் ஒரு எஸ்யூவி வாங்கினார்கள். லைசென்ஸ் எடுத்து மூன்று மாதம்கூட ஆகாதவன், மதுரை வரை ஓட்டிப் போய்விட்டு வந்து மறுநாள் எனக்கு போன் செய்தான். "மாமா, வலது முட்டிய மடக்க முடியல, நடுமுதுகு வேற பிடிச்சுக்கிட்டு. வண்டி சரியில்லயோ?"

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் நின்ற வண்டியில் அவனை ஏறி உட்காரச் சொன்னேன். சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தான். முதுகுப் பலகையைச் சாய்வு நாற்காலி மாதிரி சாய்த்திருந்தான். கை இரண்டையும் விறைப்பாக நீட்டி ஸ்டீயரிங்கின் உச்சியைப் பிடித்திருந்தான். உயரமானவர்கள் பலரும் முதலில் இப்படித்தான் உட்காருகிறார்கள்; நானும் அவன் உயரம்தான், பல வருஷம் இப்படித்தான் ஓட்டினேன். காலுக்கு இடம் வேண்டும் என்று சீட்டைத் தள்ளுகிறோம். தள்ளியதும் ஸ்டீயரிங் எட்டாமல் போகிறது. எட்டுவதற்காக முன்னால் குனிகிறோம், தோள் சீட்டை விட்டுப் பிரிந்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் ஒன்றும் தெரியாது. கோவில்பட்டி தாண்டும்போது தெரியும்.

வண்டியில் கோளாறு இல்லை. சீட்டை அமைப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது: முதலில் கால், அடுத்து தொடை, பிறகு முதுகு, கை, கடைசியில் தலை. கீழிருந்து மேலே போக வேண்டும். கையில் தொடங்கினால் கால் கெடும். அன்றைக்கு அவனுக்குச் செய்து காட்டியதையே இங்கே எழுதுகிறேன்.

உங்கள் உயரம் எங்கே இருக்கிறது

ஆறடி ஆள் இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் சுவரோரம் தரையில் உட்காரவையுங்கள். ஒருவர் தலை மேலே நிற்கும், இன்னொருவர் தலை அதைவிடக் கீழே இருக்கலாம். முதல் ஆளுக்கு உயரம் உடம்பில், அடுத்தவருக்குக் காலில். இரண்டு பேருக்கும் வண்டி தரும் தொல்லை வேறு வேறு. உடம்பு நீளமானவருக்குத் தலை கூரையில் இடிக்கும், சன் வைசர் கண்ணை மறைக்கும். கால் நீளமானவருக்கு முட்டி ஸ்டீயரிங்கில் தட்டும், தொடை பாதியில் அந்தரத்தில் நிற்கும். என் மருமகனுக்குக் கால்தான் நீளம். நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொண்டால், கீழே சொல்வதில் எதற்கு அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இன்னும் வண்டி வாங்காதவர்களுக்கு

எஸ்யூவி என்றால் உள்ளேயும் பெரிதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். வெளி உயரத்துக்கும் ஓட்டுநரின் கால் இடத்துக்கும் சம்பந்தம் குறைவு. பொலேரோ, ஸ்கார்ப்பியோ, தார், ஃபார்ச்சூனர் போன்றவை தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் பாடியை ஏற்றி வைத்த வண்டிகள். சேஸிஸ் அடியில் ஓடுவதால் உள் தரை உயர்ந்து நிற்கும். தரைக்கும் சீட்டுக்கும் நடுவே உயரம் குறையும். அதனால் நீளக் கால்காரருக்கு முட்டி மேலே தூக்கிக்கொள்ளும். க்ரெட்டா, செல்டோஸ், நெக்ஸான் போன்றவற்றில் பாடியும் அடிச்சட்டமும் ஒன்றே என்பதால் தரையைத் தாழ்த்தி வைக்க முடிகிறது, நாற்காலியில் உட்கார்வது போலக் கால் மடங்கும். காட்டுப்பாதை, பாரம் என்று தேவை இருப்பவர்களுக்கு சேஸிஸ் வண்டிதான் சரி. ஆனால் உயரமானவர் அதில் உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

பார்க்க வேண்டிய மற்ற மூன்று: ஸ்டீயரிங் மேலே கீழே மட்டும் அசைகிறதா, நம்மை நோக்கி முன்னால் இழுக்கவும் வருகிறதா? ஓட்டுநர் சீட்டை ஏற்றி இறக்க முடிகிறதா? கூரையில் சன்ரூஃப் இருக்கிறதா? சன்ரூஃபின் சட்டமும் திரையும் கூரைக்கு அடியில் இடத்தைத் தின்னும். ஒரே மாடலில் சன்ரூஃப் உள்ளதிலும் இல்லாததிலும் மாறி மாறி உட்கார்ந்து பாருங்கள், தலை முடியே சொல்லிவிடும். என்னைக் கேட்டால், உயரமானவர் சன்ரூஃபுக்குக் கொடுக்கும் பணத்தை முன்பின் அசையும் ஸ்டீயரிங்குக்குக் கொடுக்கலாம். விலை குறைந்த வேரியண்ட்களில் அது பெரும்பாலும் இருக்காது. முதுகு வலிக்கு அதைவிட நல்ல மருந்து வண்டியில் கிடையாது.

டெஸ்ட் டிரைவ் என்று ஷோரூமைச் சுற்றிப் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு இறங்காதீர்கள். நான் என் முதல் எஸ்யூவியை அப்படித்தான் வாங்கினேன். வலது முட்டி கதவில் உரசிக்கொண்டே இருக்கும் என்பது நாங்குநேரி டோல் தாண்டித்தான் தெரிந்தது. முக்கால் மணி நேரமாவது கேளுங்கள். பாளையங்கோட்டையில் கிளம்பி வண்ணார்பேட்டை, ஆற்றுப் பாலம், ஜங்ஷன் வழியாக டவுன் ரத வீதி வரை போனால் கிளட்ச்சை எத்தனை முறை மிதிக்க வேண்டும் என்பது புரிந்துவிடும். அப்புறம் நான்குவழிச் சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் ஓட்டினால், ஒரே நிலையில் உட்கார்ந்தால் உடம்பு என்ன சொல்கிறது என்று தெரியும். இந்த இரண்டும் இரண்டு வேறு சோதனைகள், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

காலும் தொடையும்

ஏறுவதற்கு முன் பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுத்துவிடுங்கள். ஒரு பக்க இடுப்பு ஒரு விரல் உயர்ந்து நின்றால் போதும், சென்னை போய்ச் சேரும்போது அந்தக் கால் மரத்திருக்கும். வழக்கமாக எதைப் போட்டு ஓட்டுவீர்களோ அந்தச் செருப்பு, ஷூவோடு உட்காருங்கள். வார் இல்லாத ரப்பர் செருப்பு வேண்டாம். அது கழன்று பிரேக் அடியில் போய்ச் செருகிக்கொள்ளும். உயரமானவர்களுக்குப் பாதமும் பெரிது. அகலமான அடி கொண்ட ஷூ, ஆக்சிலேட்டரில் இருந்து பிரேக்குக்கு மாறும்போது பிரேக் மிதியின் ஓரத்தில் மாட்டும். அடி ஒடுங்கிய ஷூ ஒன்றை வண்டிக்கென்றே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது சீட்டை முழுக்கக் கீழே இறக்கி, முழுக்கப் பின்னால் தள்ளி, முதுகுப் பலகையை ஓரளவு நிமிர்த்துங்கள். இதுதான் தொடங்கும் இடம். இடுப்பு சீட்டின் மூலையில் போய் இடிக்கும்வரை பின்னால் நகர்ந்து உட்காருங்கள். இடுப்புக்கும் பலகைக்கும் இடையே கை நுழையும் அளவு சந்து விட்டுவிட்டு மேலே எதைச் சரி செய்தாலும் வீண்.

அடுத்தது கிளட்ச். என்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு இடது காலால் கிளட்ச்சைத் தரை வரை அழுத்துங்கள். சீட்டை ஒவ்வொரு பல்லாக, அதாவது தண்டவாளத்தில் அது 'டக்' என்று நிற்கும் ஒவ்வொரு இடமாக, முன்னால் கொண்டுவாருங்கள். முழுக்க அழுத்திய நிலையிலும் முட்டியில் லேசான மடிப்பு மிச்சம் இருக்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கமாகச் சரியக் கூடாது. அந்தப் பல்லில் நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் இதே சோதனையை வலது காலால் பிரேக்கில் செய்ய வேண்டும். அவசரத்தில் மிதிப்பது போல ஓங்கி மிதித்துப் பாருங்கள். கால் விறைத்து நீண்டிருந்தால் முழு பலத்தையும் கொடுக்க முடியாது. மோதல் என்று ஒன்று நடந்தால் அந்த அடி நேராக இடுப்பு மூட்டுக்குப் போகும்.

என் மருமகன் கடைசிப் பல்லில் உட்கார்ந்திருந்தான். கிளட்ச்சை அழுத்தச் சொன்னேன். அழுத்தினான். இடது இடுப்பு சீட்டை விட்டு எழும்பியது, கட்டைவிரல் நுனிதான் மிதியில் இருந்தது. "நல்லாத்தானே அமுங்குது மாமா" என்றான். அமுங்கத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு கியருக்கும் இடுப்பை ஒரு தடவை தூக்கி வைத்திருக்கிறான். மதுரை போய் வர எத்தனை நூறு தடவை என்று கணக்குப் போடச் சொன்னேன். பேசாமல் சீட்டை இரண்டு பல் முன்னால் இழுத்தான்.

முன்னால் இழுத்ததும் முட்டி ஸ்டீயரிங்குக்கு அடியில் தட்டும் என்று பயம் வரும். தட்டினால் மறுபடி பின்னால் ஓடாதீர்கள். முதலில் ஸ்டீயரிங்கை ஒரு படி மேலே தூக்கிப் பாருங்கள். சாவி போட்டுத் திருகும் வண்டியாக இருந்தால் சாவிக் கொத்தைக் கழற்றிவிட்டு ஒற்றைச் சாவியை மட்டும் போடுங்கள். பல நேரம் முட்டியில் படுவது அந்தக் கொத்துதான். அதன் பிறகும் தட்டினால் சீட்டை ஒரு பல் பின்னால் தள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இனி தொடை. உயரமானவர்களின் வலிக்கு அதிகம் காரணமாகி, ஆனால் யாரும் கவனிக்காத இடம் இது. சீட்டின் முன்விளிம்புக்கும் முட்டியின் உள்மடிப்புக்கும் இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி இருந்தால் போதும். நீளக் கால்காரருக்கு அதைவிட அதிகமாகவே இருக்கும்; தொடையின் பாரம் முழுக்க இடுப்பிலும் குதிகாலிலும் இறங்கும். சீட்டின் முன்பக்கத்தை மட்டும் உயர்த்தும் திருகு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரு துவர்த்தை (துண்டை) நான்காக மடித்து, சீட் உறைக்கு அடியில் முன்விளிம்பில் மட்டும் செருகி, நகராதபடி உறையை இறுக்கிக் கட்டுங்கள். உறை இல்லாத சீட்டில் இதைச் செய்ய வேண்டாம், துணி நழுவி மிதிகளுக்குள் விழும். முழு சீட்டுக்கும் தலையணை போடுவதும் வேண்டாம். அது உங்களைக் கூரைக்குத்தான் தூக்கும்.

சீட்டை எவ்வளவு உயர்த்துவது? தலைக்கும் கூரைக்கும் இடையே மூடிய கைமுட்டி ஒன்று நுழைய வேண்டும். நுழைகிறவரை உயர்த்தலாம், உயர்த்தினால் தொடையும் கொஞ்சம் படியும். ஆனால் சில வண்டிகளில் நெம்புகோலை அடித்தால் சீட்டின் பின்பாதி மட்டும்தான் எழும்பும், சீட் முன்னோக்கிச் சரிந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியில் கீழேயே விடுவது நல்லது.

இன்னொன்று. தடித்த சீட் உறை, மணி விரிப்பு, தரையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட், இவை ஒவ்வொன்றும் உங்களுக்குக் கிடைத்திருக்கும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்குகின்றன. அவன் வண்டியில் கம்பெனி மேட்டின் மேல் புல்தரை மாதிரி இன்னொன்று கிடந்தது. அதை எடுத்துப் போட்டதுமே குதிகால் இறங்கியது, முட்டியும் இறங்கியது.

முதுகும் கையும்

முதுகுப் பலகை செங்குத்தாகவும் வேண்டாம், படுத்தபடியும் வேண்டாம். தொடைக்கும் முதுகுக்கும் 100 முதல் 110 டிகிரி இருந்தால் சரி. கூரை இடிக்கிறது என்பதற்காகச் சாய்ப்பதுதான் உடம்பு நீளமானவர்களின் பழக்கம். சாய்த்தால் ரோட்டைப் பார்க்கக் கழுத்தை முன்னால் நீட்ட வேண்டியிருக்கும், சீட் பெல்ட்டும் தோளை விட்டு அந்தரத்தில் நிற்கும். தலைக்கு இடம் வேண்டுமென்றால் சீட்டைக் கீழே இறக்குங்கள். இறக்கியும் இடித்தால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை.

இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்கும் இடத்தில் சீட் தாங்க வேண்டும். அதற்கான திருகு இல்லாத வண்டியில் சின்னத் துண்டு ஒன்றைச் சுருட்டி, பெல்ட் கட்டும் உயரத்தில் வையுங்கள். தடிமன் இரண்டு மூன்று விரலுக்கு மேல் வேண்டாம்.

இப்போதுதான் ஸ்டீயரிங். இரண்டு தோளும் சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டி ஸ்டீயரிங்கின் உச்சியில் வையுங்கள். மணிக்கட்டு அதன் மேல் படிய வேண்டும். விரல் நுனிதான் எட்டுகிறது என்றால் ஸ்டீயரிங்கை உங்கள் பக்கம் இழுங்கள். இழுக்க வராத வண்டியில் முதுகுப் பலகையை ஒரு பல் நிமிர்த்துங்கள். கால் பக்கம் செய்ததைத் தொடாதீர்கள். பிறகு கடிகாரத்தில் 9 மணி, 3 மணி இருக்கும் இடங்களில் பிடித்தால் முழங்கை தளர்ந்து மடிந்திருக்க வேண்டும். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். அது ஸ்டீயரிங்கின் நடுவில் இருந்து வெடித்து விரியும். ஆகவே நெஞ்சுக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. விடுங்கள். ஒரு சாணும் இரண்டு விரலும் வைத்தால் ஏறக்குறைய வந்துவிடும்.

முழங்கை மடிந்திருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு நம் ஊர்க் காற்று ஒரு காரணம். ஆனி, ஆடி மாதங்களில் வள்ளியூர் தாண்டி காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் போய்ப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று, உயரமான வண்டியின் பக்கவாட்டில் வந்து அறையும். லாரி ஒன்றைத் தாண்டும்போது காற்று மறைந்து, தாண்டியதும் சட்டென்று தள்ளும். கை நீட்டிப் பிடித்திருப்பவர் தோளையே அசைத்துத்தான் வண்டியைத் திருத்த முடியும், அதனால் தேவைக்கு மேல் திருப்பிவிடுவார். முழங்கை மடிந்திருந்தால் மணிக்கட்டு அசைவிலேயே சமாளிக்கலாம்.

தலை, பெல்ட், கண்ணாடி

தலைச்சாய்வை உயரமானவர்கள் மறந்துவிடுகிறார்கள். புது வண்டியில் அது பெரும்பாலும் அடியில் அமுங்கிக் கிடக்கும், கழுத்துக்குப் பின்னால்தான் நிற்கும். அப்படியே விட்டால் பின்னால் இருந்து யாராவது மோதும்போது தலை அதன் மேல் மடங்கும். மேல்விளிம்பு குறைந்தது காதின் மேல்நுனி உயரத்துக்காவது வர வேண்டும். தலைக்கும் அதற்கும் இடைவெளி நான்கு விரலுக்குள் இருக்கட்டும்.

பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் போகாமல் இடுப்பெலும்பின் மேல் போக வேண்டும். மேல்பட்டை கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே படிய வேண்டும். பக்கத் தூணில் பெல்ட் வரும் இடத்தை ஏற்றி இறக்க முடிந்தால் உயரமானவர் மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

கண்ணாடிகளை எல்லாவற்றுக்கும் கடைசியில் திருப்புங்கள். உள் கண்ணாடி உயரமானவர்களுக்கு ஒரு ஆபத்து. மற்றவர்களுக்கு அது கண்ணுக்கு மேலே இருக்கும்; நமக்கு நேர்மட்டத்தில் நின்று இடது முன்பக்கத்தை மறைக்கும். ரவுண்டானாவில் இடதுபுறம் இருந்து வரும் பைக் ஒன்று முழுதாக அதன் பின்னால் ஒளிந்துவிடும். அதை மேலே தள்ள முடிகிற அளவு தள்ளுங்கள். திரும்புவதற்கு முன் தலையை ஒரு தடவை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். சிக்னலில் கோட்டில் முதல் ஆளாக நிற்கும்போது கூரை விளிம்பு விளக்கை மறைக்கும்; அரை வண்டி நீளம் பின்னாலேயே நின்றுவிட்டால் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

மாலை நேரத்தில் திருநெல்வேலியில் இருந்து தென்காசிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெயில் நேரே முகத்தில் அடிக்கும். சன் வைசரை இறக்கினால் உடம்பு நீளமானவருக்கு வெயிலோடு ரோடும் மறையும். வைசரை நம்பாமல் நல்ல கூலிங் கிளாஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்த்துத் திருத்துவது

நிற்கும் வண்டியில் அமைத்தது பாதிதான். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், அதுவும் வண்டியை நிறுத்திவிட்டு. ஓடும்போது சீட் நெம்புகோலைத் தொடவே கூடாது. எங்கே வலிக்கிறதோ அதில் இருந்து காரணத்தைப் பிடிக்கலாம். வலது கெண்டைக்காலும் கணுக்காலும் வலித்தால் மிதி தூரம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் மிக அருகில், அல்லது மிகக் கீழே. தோளும் கழுத்தும் வலித்தால் ஸ்டீயரிங் எட்டவில்லை. பிட்டமும் பின்தொடையும் மரத்தால் தொடைக்குத் தாங்கல் இல்லை. அமைப்பைச் சரி செய்தும் வலி வாரக்கணக்கில் நின்றால் மருத்துவரைப் பாருங்கள்.

கை அமைப்பு சரியா என்று பார்க்க எனக்குப் பிடித்த இடம் செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவு. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது தோள் சீட்டை விட்டு எழும்பினால் நீங்கள் இன்னும் தூரத்தில் இருக்கிறீர்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் காலி மைதானத்தில் எட்டுப் போட்டுப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

எதைச் செய்தும் இடம் போதவில்லை என்றால் சிலர் வெல்டிங் பட்டறையில் கொடுத்து சீட் தண்டவாளத்தைப் பின்னால் நகர்த்தி ஒட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மோதலில் உங்கள் எடை முழுவதையும் பிடித்து வைப்பது அந்த நான்கு போல்ட்டும் அவை இறங்கியிருக்கும் இரும்பும்தான். உள்ளூர் வெல்டிங் அந்த இழுப்பைத் தாங்குமா என்பதை உங்கள் உடம்பை வைத்துச் சோதிக்க வேண்டாம். தேவைப்பட்டால் கம்பெனி சர்வீஸில் கேளுங்கள், அவர்கள் முடியாது என்றால் வேறு வண்டிதான்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கிக் கால் மணி நேரம் நடங்கள். நீளக் காலுக்கு இது கட்டாயம்.

அன்றைக்கு எல்லாம் முடித்து, ஆலங்குளத்தில் இருந்து பாவூர்சத்திரம் வரை போய்த் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியவன் முட்டியை இரண்டு தடவை மடக்கி நீட்டிப் பார்த்தான். "மாமா, நாளைக்கு அப்பா ஓட்டுனா எல்லாம் கலைஞ்சுருமே" என்றான். அவன் அப்பா ஐந்தடி ஐந்து. உள்ளே போய்த் தங்கச்சியின் நகப்பூச்சை வாங்கி வந்தோம். சீட் தண்டவாளத்தில் அவன் பல் நிற்கும் இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு; முதுகுப் பலகைக்குக் கடைசியில் இருந்து எத்தனை 'டக்' என்று எண்ணி, சர்வீஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் குறித்துவைத்தான். அப்பாவின் அளவையும் அதற்குக் கீழேயே எழுதிவைக்கச் சொன்னேன்.